போச்சா ஆட்டத்தில் பந்து சரியாகப் போகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புதுச்சேரிக்காரர்களுக்குப் போச்சாவைப் புரியவைப்பது எளிது. மாலையில் மரநிழலில் பெரியவர்கள் இரும்புக் குண்டுகளை வீசிப் பெத்தாங் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். சின்ன மரக்குண்டுக்குக் கிட்டே யார் குண்டு போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் ஆடும் போச்சாவும் அதே எண்ணம்தான். இரும்புக்குப் பதில் தோல் பந்து, மண்ணுக்குப் பதில் வழுவழுப்பான தரை, நின்று ஆடுவதற்குப் பதில் உட்கார்ந்து ஆடுவது. பெத்தாங் பிறந்த கதையை என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். ஓடிவந்து வீசும் பழைய ஆட்டம் ஒன்று தென் பிரான்ஸில் இருந்தது. மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போன ஓர் ஆட்டக்காரருக்காக, 1910 வாக்கில், காலை ஊன்றி நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று அதை மாற்றினார்கள். இன்று உலகம் முழுக்க அந்த மாற்றிய ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள்.

நான் புதுச்சேரியில் சிறப்புக் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கடலூருக்கும் போகிறேன். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்: "பந்து போகமாட்டேங்குது சார்." எப்படிப் போகவில்லை என்பதைப் பார்த்தால் காரணம் பிடிபடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நான்கு வரி. பாராலிம்பிக்கில் 1984 முதல் போச்சா இருக்கிறது. ஒலிம்பிக்கில் இதற்கு இணையான ஆட்டம் கிடையாது. சிவப்புப் பந்து ஆறு, நீலப் பந்து ஆறு, குறியாக ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைப் பந்தை ஜாக் என்பார்கள். களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், பின்பக்கத்து 2.5 மீட்டர், ஆட்டக்காரர்கள் உட்காரும் ஆறு கட்டங்களுக்கு. முதல் சுற்றில் சிவப்புக்காரர் ஜாக்கை வீசி, தன் முதல் பந்தையும் வீசுவார். அடுத்து நீலம். அதன்பின் ஜாக்கிலிருந்து யாருடைய பந்து தள்ளி இருக்கிறதோ அவர் முறை. எல்லாப் பந்தும் தீர்ந்ததும், எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிடக் கிட்டே இருக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி.

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் பார்க்கும் வரிசை இதுதான்: முதலில் நாற்காலி, பிறகு தரை, பிறகு பந்து, கடைசியில்தான் குழந்தையின் கை. பெரும்பாலோர் கையில் தொடங்குகிறார்கள். "இன்னும் பலமா போடு" என்று நூறு முறை சொல்லி, குழந்தைக்கு ஆட்டமே வெறுத்துப்போகிறது.

பந்து கையை விட்டுக் கிளம்பவே இல்லை

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். பந்தைப் பிடித்துவிடுவார்கள், விட முடியாது. வீச வேண்டும் என்று நினைக்கும்போதே கை இன்னும் இறுகும். சிலருக்குப் பந்து காலடியிலேயே விழும், சிலருக்குப் பின்பக்கம் போகும்.

முதலில் உட்காரும் முறையைப் பாருங்கள். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் வரை போய் ஒட்டியிருக்கிறதா? பாதம் முழுதும் எதன் மேலாவது ஊன்றியிருக்கிறதா? கால் தொங்கினால் உடம்பு விழாமல் இருப்பதற்கே தசைகள் எல்லாம் இறுகிவிடும்; பிறகு விரல் எப்படித் தளரும்? என் வகுப்புக்கு வந்த சக்கர நாற்காலிகளில் பாதிக்குமேல் குழந்தையைவிடப் பெரியவை. இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வையுங்கள், முதுகுக்குப் போர்வையை மடித்து வையுங்கள், காலுக்கு ஒரு மரக்கட்டை போடுங்கள். பெல்ட்டை வயிற்றில் கட்டாமல், இடுப்பு எலும்புக்குக் கீழே தொடை மடிப்பில் கட்டுங்கள். இவ்வளவு செய்ததுமே பந்து கிளம்பிய குழந்தைகள் உண்டு.

இன்னும் வரவில்லையா? உங்கள் கையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தினால் விரல்கள் தாமாக மடங்கும். கீழ்நோக்கி மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். ஆகவே கையை நாற்காலிக்கு வெளியே பக்கவாட்டில் தொங்கவிட்டு, மணிக்கட்டு கீழே சாய்ந்த நிலையில், ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆட்டி, மூன்றாவதில் விடச் சொல்லுங்கள். தோளுக்கு மேலிருந்து எறிவதைவிட இந்த வீச்சில் பந்து லேசாகக் கழன்றுபோகும். பந்தைக் கைக்குள் அமுக்காமல் விரல் நுனியில் வைத்துக்கொடுங்கள். விரலைப் பிடித்து இழுத்துத் திறக்க வேண்டாம். இழுக்க இழுக்க அது இன்னும் இறுகும், வலிக்கும்.

பந்தையும் மாற்றிப் பாருங்கள். மெத்தென்ற பந்து கைக்குள் அமுங்கிப் பிடிக்க எளிதாக இருக்கும், ஆனால் விடுவது கஷ்டம், தூரமும் குறைவு. சற்று கெட்டியான பந்து சீக்கிரம் கழலும். கை சரிவரவே இல்லையென்றால் கால் இருக்கிறது. காலால் தள்ளி ஆட விதியிலேயே இடம் உண்டு. கையால் எட்டு மாதம் முயன்ற ஒரு பெண், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தால் தள்ளிய முதல் நாளே பந்தை ஜாக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினாள். அந்த எட்டு மாதமும் என் பிடிவாதத்தால் போனது. அதனால்தான் இப்போது எல்லாரிடமும் முதல் வாரத்திலேயே காலையும் சோதித்துப் பார்க்கிறேன்.

எல்லாப் பந்தும் ஒரே பக்கம் ஒதுங்குகிறது

பந்தைக் கோலி மாதிரி மெதுவாக நீங்களே உருட்டிப் பாருங்கள். உங்கள் பந்தும் அதே பக்கம் போனால் குறை தரையில் இருக்கிறது. நம் ஊர்த் தாழ்வாரங்களை மழைநீர் வடிவதற்காகவே வாட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். களத்தை வாட்டத்துக்குக் குறுக்கே போடாமல் நெடுக்காகப் போடுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். பகலில் சும்மா இருக்கும் கல்யாண மண்டபம் கிடைத்தால் அதைவிட நல்ல களம் இல்லை. மொசைக் தரை, தூண் இல்லாத இடம், மின்விசிறி, சக்கர நாற்காலி நுழையும் கதவு எல்லாம் இருக்கும். சமையல் நடந்த மறுநாள் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

தரை சரியாக இருந்தால் நாற்காலி. இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா? ஒன்று மட்டும் பிடித்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்றும் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் குழந்தையின் தலையைக் கவனியுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள சிலருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், எதிர்ப்பக்கத்துக் கை மடங்கும். கைக்குழந்தைகளிடம் இயல்பாக இருந்து மறைந்துபோகும் அனிச்சைச் செயல் அது, இவர்களிடம் தங்கிவிடுகிறது. வலக்கையால் வீசும் பையனுக்கு ஜாக் இடப்பக்கம் இருந்தால், அதைப் பார்க்கத் திரும்பியதுமே வலக்கை மடங்கிவிடும், பந்து எங்கோ போகும். "கவனமே இல்லை" என்று அவனைத் திட்டுவது அநியாயம். கட்டத்துக்குள்ளேயே நாற்காலியைத் திருப்பி, ஜாக்கை நேராகவோ வீசும் கையின் பக்கமாகவோ பார்க்கும்படி வையுங்கள். நாற்காலி கட்டக்கோட்டைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. எந்தக் கோணம் ஒரு குழந்தைக்கு ஒத்துவருகிறது என்று கண்டுபிடித்ததும் சாக்பீஸால் சக்கரத்தடத்தைத் தரையில் குறித்து வையுங்கள்.

ஜாக் கோட்டைத் தாண்டவில்லை

வீசும் கோட்டுக்கு முன்னால் வி வடிவக் கோடு ஒன்று உண்டு. நடுவில் 1.5 மீட்டர், ஓரங்களில் 3 மீட்டர் தள்ளி இருக்கும். ஜாக் அதைத் தாண்டி நின்றால்தான் செல்லும். இல்லாவிட்டால் ஜாக்கை வீசும் வாய்ப்பு எதிராளிக்குப் போய்விடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்தக் கோடே வேண்டாம். ஜாக்கை நீங்களே 2 மீட்டர் தூரத்தில் வையுங்கள். ஆறில் நான்கு பந்து அதன் பக்கம் போக ஆரம்பித்ததும் அரை மீட்டர் தள்ளுங்கள். கோட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

ரேம்ப்பில் விட்ட பந்து ஒரு தடவை போன தூரம் மறு தடவை போகவில்லை

கையாலும் காலாலும் வீச முடியாதவர்கள், பந்தை உருட்டிவிடும் சாய்வான தடமான ரேம்ப்பை வைத்து ஆடுவார்கள். போட்டியில் இவர்களுக்கு பி.சி.3 என்ற பிரிவு. வெளிநாட்டு ரேம்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். போச்சா பந்தின் சுற்றளவு 27 செ.மீ., அப்படியானால் விட்டம் 8.6 செ.மீ. 110 மி.மீ. பிவிசி கழிவுநீர்க் குழாயை நெடுக்கில் இரண்டாக அறுத்தால் பந்து அதில் அழகாக உட்கார்ந்து ஓடும். அறுத்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், குழந்தையின் கையைக் கிழிக்கும். ரேம்ப் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் கட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

தூரம் மாறினால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, விடும் உயரம். ஒரே தரையில், பந்து போகும் தூரம் அது கிளம்பும் உயரத்தைப் பொறுத்தது. 30 செ.மீ. உயரத்தில் விட்டு 3 மீட்டர் போனால், 60 செ.மீ. உயரத்தில் விட்டால் ஏறக்குறைய 6 மீட்டர் போகும். அதனால் கண்ணளவில் விடாமல், ஐந்து ஐந்து சென்டிமீட்டருக்கு வண்ண டேப் ஒட்டுங்கள். எந்த நிறத்தில் விட்டால் எதுவரை போகிறது என்று குழந்தையே சோதித்துச் சொல்லட்டும். படிக்கத் தெரியாத குழந்தைகள்கூடச் சில வாரங்களில் நிறத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு, ரேம்ப்பின் கடைசி முனை. குழாய்க்கும் தரைக்கும் நடுவே படி இருந்தால் பந்து குதிக்கும், குதித்த பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முனையை மெலிதாகச் சீவித் தரையோடு படியவையுங்கள்.

மூன்று, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் கடல்காற்றின் ஈரத்தில் தரை கசகசத்துக் கிடக்கும். சித்திரையில் போட்ட அடையாளம் எதுவும் அப்போது பொருந்தாது. ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் மூன்று பந்து விட்டுப் பாருங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போனாலும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

வீட்டில் தைத்த பந்து என்றால் இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாங்கள் முதலில் ரெக்ஸின் துணியில் பச்சைப்பயறு நிரப்பித் தைத்தோம். கார்த்திகைக்குள் பாதி பந்தில் வண்டு, மீதியை எலி பார்த்துக்கொண்டது. இப்போது கழுவிக் காயவைத்த மணலும் பஞ்சும் கலந்து அடைக்கிறோம். மளிகைக்கடைத் தராசில் 275 கிராம் நிறுத்து, தையல்காரரின் டேப்பால் சுற்றளவு பார்த்தால் போதும். மாதம் ஒருமுறை மறுபடி நிறுத்துப் பாருங்கள், தையல் வழியே மணல் கசியும்.

குழந்தை பந்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்க்கிறது

இதைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள். குழந்தையின் கை ஆட, தலை நீங்களாக இருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம் இது.

நல்ல மனதோடுதான் செய்கிறோம். "இந்தப் பக்கம் போடு", "இப்ப விடு", "அய்யோ, கொஞ்சம் முன்னாடி." கடலூரில் ஓர் அம்மா, மகன் கையைத் தன் கையால் பிடித்தே ஒவ்வொரு பந்தையும் வீசவைப்பார். "அவனுக்குத் தெரியாது சார், நான் போட்டுக் காட்டினாத்தான் சந்தோஷப்படுவான்" என்பார். பதினான்கு வயதுப் பையன். அவனுக்குச் சோறு ஊட்டுவதும், சட்டை போட்டுவிடுவதும், எங்கே போவது என்று முடிவெடுப்பதும் எல்லாம் மற்றவர்கள்தான். நாள் முழுக்க அவன் கையில் எதுவும் இல்லை. இந்த ஒரு பந்தாவது அவனுடையதாக இருக்கட்டும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று அவன் வீசிய முதல் பந்து களத்துக்கு வெளியே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஜாக்கை வெகுநேரம் பார்த்தான்.

போட்டி விதி இதில் மிகக் கண்டிப்பானது. பி.சி.3 பிரிவில் ரேம்ப்பைப் பிடிக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ரேம்ப்பை இடப்பக்கமா வலப்பக்கமா, எவ்வளவு நகர்த்துவது என்று ஆட்டக்காரர் சொல்ல, அவர் நகர்த்துவார். பந்தைக் கடைசியாகத் தொடுவது ஆட்டக்காரர். கையால் முடியாவிட்டால் தலையில் கட்டிய குச்சியால் தள்ளிவிடுவார். இந்த விதியை முதல் நாளிலிருந்தே வகுப்பில் கடைப்பிடியுங்கள். பேச முடியாத குழந்தை என்றால், "இடப்பக்கமா?" என்று கேட்டு, கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வரத் தாமதமாகும், ஆனால் வரும். ஐந்தாவது எண்ணிலேயே நாம் மறுபடி கேட்டுவிடுவதால்தான் பல குழந்தைகள் பதில் சொல்வதையே விட்டுவிடுகிறார்கள்.

யார் முறை, எது கிட்டே என்று குழப்பம்

அறிவுத்திறன் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு "கிட்டே இருப்பவர் காத்திருக்க வேண்டும், தள்ளி இருப்பவர் ஆட வேண்டும்" என்பது தலைகீழாகத் தோன்றும். அதை முதலில் எடுத்துவிடுங்கள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வீசட்டும். எது கிட்டே என்பதற்கு ஜாக்கைச் சுற்றிப் பழைய சைக்கிள் டயர் ஒன்றைப் போடுங்கள். டயருக்குள் இருப்பது கணக்கு, வெளியே இருப்பது கிடையாது. இது பழகியபின் டயரை எடுத்துவிட்டுச் சணல் கயிற்றால் அளக்கலாம். கயிற்றைப் பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள், சண்டை பாதி குறைந்துவிடும்.

முறையைக் காட்ட, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் ஒட்டிய மட்டை போதும். போட்டி நடுவர்களும் அப்படி ஒன்றைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். காது கேளாத மாணவர்களுக்கும் அதுவே பேச்சு.

வீசும் நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுகிறது

பெரும்பாலும் சத்தம். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு முழுதும் துள்ளுவதை இந்தக் குழந்தைகளால் அடக்க முடியாது. தனியார் பஸ்ஸின் ஏர்ஹாரன் கேட்கும் சாலையோர அறை இதற்கு ஆகாது. கைதட்டலும் பந்து நின்ற பிறகுதான்.

பார்வை இல்லாத மாணவர் ஆட விரும்புகிறார்

பாராலிம்பிக் போச்சாவில் இவர்களுக்கென்று பிரிவு இல்லை, ஆனால் பள்ளியில் யார் தடுக்கப்போகிறார்கள்? ஒருவர் ஜாக்குக்குப் பின்னால் நின்று கைதட்டட்டும். வீசும் கோட்டின் மேல் டேப்புக்கு அடியில் சணல் கயிறு ஓடினால் விரலால் தடவித் திசை பிடிக்கலாம். ஒரு தட்டில் புளியங்கொட்டையைப் பரப்பி, ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் பந்துகள் நிற்கும் அமைப்பைக் கையால் தொட்டுப் பார்க்கவையுங்கள். எங்கள் வகுப்பில் எந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது என்று முதலில் சொல்வது கண் தெரியாத ஒரு மாணவிதான்.

ஓடியாடும் பிள்ளைகளே ஜெயிக்கிறார்கள்

எல்லாரும் சேர்ந்து ஆடும்போது இது வரும். எல்லாரையும் நாற்காலியில் உட்காரவையுங்கள், வீசும்போது உட்காருமிடம் இருக்கையைத் தொட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே போய்விடும். சிலர் ஓடியாடும் பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள், ஒரு கையைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறைபாடு ஏதோ தண்டனை என்பதுபோல ஆகிவிடுகிறது. இருவர் இருவராகச் சேர்த்து, ஜாக்கை எங்கே வீசுவது என்ற முடிவைச் சக்கர நாற்காலிப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஜாக்கைக் கிட்டே போட்டால் பலசாலியின் பலம் வீணாகும். இதை அவர்களே சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போட்டிக்குப் போன இடத்தில் "இந்தப் பிரிவில் இடமில்லை" என்கிறார்கள்

எனக்கே நடந்தது. அறிவுத்திறன் குறைபாடு மட்டும் உள்ள இரண்டு பிள்ளைகளை மூன்று மாதம் தயார்செய்து ஒரு போட்டிக்கு அழைத்துப்போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தவறு என்னுடையது. பாராலிம்பிக் போச்சா உடல் இயக்கக் குறைபாடு கடுமையாக உள்ளவர்களுக்கு. பி.சி.1, 2, 3, 4 என்று நான்கு பிரிவு. முதல் இரண்டும் மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்கு, மூன்றாவது ரேம்ப்புக்கு, நான்காவது தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு போன்றவற்றுக்கு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் போச்சே என்ற ஆட்டம் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் களம் வேறு, 18.29 மீட்டர் நீளம், 3.66 மீட்டர் அகலம். பந்தும் வேறு: கெட்டியானது, மொத்தம் எட்டு, கூடவே ஒரு சின்னக் குறிப்பந்து. குறைபாடு இல்லாத பிள்ளையோடு ஜோடி சேர்ந்து ஆடும் பிரிவும் அதில் உண்டு. பெயர் கொடுக்கும் முன் மருத்துவச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஆட்டம், எந்தப் பிரிவு என்று நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது கெட்டிப் பந்தில் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.